ஒரு சோடிதான் கேட்கலாம்: தினசரிச் சப்பாத்தும் வேகச் சப்பாத்தும் வந்த கதை

போன மாதம் கனடாவிலிருந்து சித்தப்பா ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "பிள்ளை, டிசெம்பரில ஊருக்கு வாறன். தம்பி நல்லா ஓடுறான் எண்டு கேள்விப்பட்டன். அவனுக்கு ஒரு சப்பாத்து கொண்டு வாறன். ஒரு சோடிதான், பெட்டியில இடமில்லை. எது வேணும் எண்டு ரெண்டு பேருமா யோசிச்சுப் பேரைச் சொல்லுங்கோ."

தம்பி 5000 மீற்றர் ஓடுறவன். அடுத்த வருசம் ஏ.எல். எழுதப் போறான். அதோட பள்ளிக்கூட ஓட்டம் முடிஞ்சிடும். இந்த வருசம் வலயப் போட்டியில இரண்டாவதா வந்தும் மாகாணப் போட்டிக்கு அவன் போகேல்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நோ. டவுனில் ஒரு கடையில் 4,500 ரூபாவுக்கு வாங்கின கொப்பிச் சப்பாத்தோட ஆறு மாதம் தார் றோட்டில ஓடினதன் பலன். மேலே பெரிய கொம்பனியின்ர பேர், அடி கல்லு மாதிரி. "ஆறு கிழமைக்கு ஓடக்கூடாது" எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு அவன் ஒண்டும் கதைக்கேல்லை. மாகாணப் போட்டி நடந்த நாளில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

அதனாலதான் சித்தப்பாவின் மெசேஜ் எங்களுக்கு சின்ன விசயமாத் தெரியேல்லை.

தம்பியின் லிஸ்டில் இரண்டு பேர் இருந்தன. ஒன்று நைக் பெகாசஸ் 41. நாளாந்தம் ஓடுவதற்கான சாதாரணச் சப்பாத்து, வெளிவந்தபோது அமெரிக்க விலை 140 டொலர். மற்றது அசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட். வேகப் பயிற்சிக்கும் நீண்ட ஓட்டத்துக்குமான உயர்ரகச் சப்பாத்து, வெளிவந்தபோது 200 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒன்று 42,000, மற்றது 60,000. இடையில் 18,000 ரூபா. சித்தப்பா வெயார்ஹவுஸ் ஒன்றில் இரவு வேலை செய்யிறவர். சொன்னா வாங்கித் தருவார். அதுக்காக எதையும் சொல்லலாமா?

"சூப்பர்பிளாஸ்டே கேப்பம் அக்கா. யூரியூபில எல்லாரும் அதைத்தான் சொல்லினம்" என்றான் தம்பி.

எனக்கு ஓட்டம் தெரியாது. கம்பஸில் வரலாறு படிக்கிற ஆள் நான். ஒரு பொருளைப் பற்றி முடிவெடுக்க முடியாவிட்டால், அது எப்ப வந்தது, ஏன் வந்தது, ஆருக்காக வந்தது எண்டு தேடுறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி. அப்படித் தேடினதைத்தான் இங்கே எழுதுறன்.

பாதி மட்டும் சொல்லப்படுற கதை

பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் கேட்ட கதை ஒன்று இருக்கிறது. 1960 செப்டெம்பர் 10, ரோம் ஒலிம்பிக் மரதன். எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் தங்கம் வென்றார். "சப்பாத்து முக்கியமில்லை, மனம்தான் முக்கியம்" என்று சொல்லி அதிபர் கதையை முடிப்பார். எங்கட பள்ளிக்கூட மைதானங்களில் வெறுங்காலோட ஓடுற பிள்ளையளுக்கு இந்தக் கதை ஒரு ஆறுதலாகவும் சொல்லப்படுறது.

ஆனால் பிகிலா சப்பாத்தை வெறுத்த ஆள் இல்லை. ரோமில் அவருக்குக் கிடைத்த சப்பாத்துகள் காலுக்குச் சரிவரவில்லை. வெறுங்காலுடன் பயிற்சி செய்து பழகியவர் என்பதால், காலைக் கடிக்கிற சப்பாத்தை விட வெறுங்கால் மேல் என்று முடிவெடுத்தார். நான்கு வருடம் கழித்து 1964இல் டோக்கியோவில் அவர் சப்பாத்தும் காலுறையும் போட்டுத்தான் ஓடினார். சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருக்கு அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அப்படியிருந்தும் 2 மணி 12 நிமிடம் 11 செக்கன். ரோமை விட மூன்று நிமிடம் வேகம், அன்றைய உலகின் சிறந்த நேரம்.

இந்த இரண்டாம் பாதியை ஆரும் காலைக் கூட்டத்தில் சொல்வதில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் பிகிலா கேட்ட கேள்வி தெளிவாகத் தெரிகிறது. எது பெரிய சப்பாத்து என்பதை அவர் யோசிக்கவில்லை. இந்தக் காலுக்கு, இந்த ஓட்டத்துக்கு, இன்றைக்கு எது சரி என்றுதான் யோசித்தார்.

அதே ரோம் மரதனில் மூன்றாவதாக வந்தவரின் பேர் பலருக்குத் தெரியாது. நியூசிலாந்தின் பரி மகீ. தினசரிச் சப்பாத்தின் கதை அவருடைய பயிற்றுவிப்பாளரிடமிருந்துதான் தொடங்குகிறது.

ஒக்லாந்தின் மெது ஓட்டக்காரர்கள்

ஆதர் லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பல்கலைக்கழகப் பட்டமோ பெரிய விளையாட்டு நிறுவனமோ அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. தன் உடம்பிலேயே வருடக்கணக்காகப் பரிசோதித்து அவர் கண்ட முறை இதுதான்: முதலில் மாதக்கணக்கில் வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீற்றர் அளவுக்கு ஓட வேண்டும். அது வேக ஓட்டம் இல்லை, சீரான ஓட்டம். அந்த அத்திவாரத்துக்கு மேலேதான் வேகப் பயிற்சி. 800 மீற்றர் ஓடுகிற பீட்டர் ஸ்னெலையும் அவர் இப்படித்தான் ஓட வைத்தார். ரோமில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீற்றரிலும், மரே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இந்த மெது ஓட்டத்தை லிடியார்ட் சாதாரண மனிதர்களிடமும் கொண்டு போனார். 1960களின் தொடக்கத்தில் ஒக்லாந்து நகரத்தில் நடுத்தர வயதுக்காரர்களும், மாரடைப்பு வந்து தப்பியவர்களும் கூட்டமாகச் சேர்ந்து மெதுவாக ஓடத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது விசித்திரமான காட்சி. இருதய நோயாளி படுத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து நம்பிக்கை.

1962இன் கடைசியில் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்திலிருந்து பில் போவர்மன் என்ற பயிற்றுவிப்பாளர் அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 51. உலகத் தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கியவர். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டத்தோடு ஓடக் கூப்பிட்டார். போவர்மன் மூச்சு வாங்கிப் பின்தங்கிப் போனார். எழுபது வயது தாண்டிய, ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒரு கிழவர் அவருக்குத் துணையாக மெதுவாக ஓடிக் கூட்டிக்கொண்டு வந்தார். இதைப் போவர்மனே பிறகு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஊர் திரும்பியதும் யூஜீன் நகரத்து மக்களை அவர் ஓட வைத்தார். 1967இல் டபிள்யூ. ஈ. ஹரிஸ் என்ற இருதய வைத்தியருடன் சேர்ந்து 'ஜோகிங்' என்ற பேரில் ஒரு கைநூல் எழுதினார். அமெரிக்காவில் சாதாரண சனம் ஓடத் தொடங்கியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு எலும்பு வெடிப்பிலிருந்து பிறந்தது

இப்ப ஒரு புதுப் பிரச்சினை வந்தது. அதுவரை ஓட்டச் சப்பாத்து என்றால் போட்டிக்காரனுக்கானது. மெல்லியது, பாரமற்றது. அலுவலகம் போகிற 45 வயது மனிதன் தார் றோட்டில் தினமும் ஓடினால் அவன் காலுக்கு எது தாங்கும்?

போவர்மன் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவர். ஒரு பக்கம், தன் மாணவர்களுக்குக் கையாலேயே போட்டிச் சப்பாத்து தைத்துக் கொடுத்தார். பாரத்தைக் குறைப்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. அவர் போட்ட கணக்கு இது: ஆறடி எட்டு வைக்கிற ஒருவன் ஒரு மைலுக்கு 880 எட்டு வைக்கிறான். சப்பாத்தில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் குறைந்தால், அந்த ஒரு மைலில் அவன் தூக்க வேண்டிய பாரம் 55 இறாத்தல் குறைகிறது. கிட்டத்தட்ட 25 கிலோ. இண்டைக்கு வேகச் சப்பாத்து விக்கிற எல்லா விளம்பரத்துக்கும் அடியில இந்தக் கணக்குத்தான் கிடக்குது.

மறுபக்கம், 1965இல் அவருடைய மாணவன் கென்னி மூருக்குப் பாத எலும்பில் வெடிப்பு ஏற்பட்டது. அந்தப் பெடியன் எந்தச் சப்பாத்தோட ஓடினான் என்று கேட்டு வாங்கி, போவர்மன் அதைப் பிரித்துப் பார்த்தார். பாதத்தைத் தாங்க உள்ளே ஒன்றுமே இல்லை. குதியிலிருந்து நுனி வரைக்கும் மெத்தென்ற இறப்பர் படுக்கை வைத்து, வெளியே தேயாத அடி போட்டுப் புதிதாக ஒன்றை அவர் வடிவமைத்தார். 1964இல் தன் பழைய மாணவர் பில் நைற்றுடன் சேர்ந்து அவர் தொடங்கியிருந்த புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ், ஜப்பானின் ஒனிட்சுகா கொம்பனியின் சப்பாத்துகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. போவர்மனின் வடிவத்தை ஒனிட்சுகா தயாரித்தது. அதுதான் கோர்ட்டெஸ். கென்னி மூர் எழும்பி ஓடி, 1972 மியூனிக் ஒலிம்பிக் மரதனில் நான்காவதாக வந்தார்.

இதை வாசிச்ச இடத்தில நான் கொஞ்ச நேரம் நிண்டுட்டன். தினசரிச் சப்பாத்து என்ற வகை ஒருவனின் காலெலும்பு வெடித்ததிலிருந்துதான் உருவாகியிருக்கிறது. எங்கட வீட்டில அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தவனுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதே பிரச்சினைதான்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. ஒனிட்சுகாவுடனான உறவு முறிந்தது. புளூ ரிப்பன், நைக் ஆனது. 1977இல் ஒனிட்சுகா வேறு கொம்பனிகளுடன் இணைந்து அசிக்ஸ் ஆனது. தம்பியின் லிஸ்டில் இருக்கிற இரண்டு கொம்பனியும் ஒரு காலத்தில் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனை என்பதை அவனுக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை.

1972இல் பிராங்க் ஷோர்ட்டர் மியூனிக் மரதனில் தங்கம் வென்ற பிறகு அமெரிக்காவில் ஓட்டம் ஒரு அலையாகப் பரவியது. 1970களின் நடுவில் ஈ.வி.ஏ. என்ற நுரைப்பொருள் சப்பாத்து அடிக்குள் வந்தது. பாரமில்லாமல் அதிர்ச்சியைத் தாங்கும். 1983இல் பெகாசஸ் வந்தது. போட்டி வீரனுக்காக இல்லாமல், சகல கால்களுக்கும் ஓரளவுக்குப் பொருந்துகிற, கையைக் கடிக்காத விலையில் ஒரு சப்பாத்து. நாற்பது வருடத்தில் 41ஆம் பதிப்பு வரை வந்தது. இதில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. உலக சாதனைக்கான சப்பாத்து இது இல்லை. கோடிக்கணக்கான காலை ஓட்டங்கள்தான் அதன் வரலாறு.

போவர்மனின் கதைக்கு ஒரு சோகமான முடிவும் இருக்கிறது. காற்றோட்டமில்லாத சின்ன இடத்தில் வருடக்கணக்காகப் பசையும் கரைப்பான்களும் வைத்து வேலை செய்ததில் அவருடைய கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. ஊரையே ஓட வைத்தவரால் கடைசியில் தான் செய்த சப்பாத்தைப் போட்டு ஓட முடியாமல் போனது.

மெல்லியது தடித்தது

1970களிலிருந்து சுமார் நாற்பது வருடத்துக்கு ஓட்டக்காரர்களின் வழக்கம் ஒன்றுதான். வீட்டில் இரண்டு சோடி. பயிற்சிக்குத் தடித்த, பாரமான ஒன்று. போட்டிக்கு மெல்லிய, 200 கிராமுக்கும் குறைந்த ஒன்று. மைதானத்துக்கு என்றால் ஆணி வைத்த ஸ்பைக்ஸ். வேகம் என்றால் மெல்லியது, பாதுகாப்பு என்றால் தடித்தது. ஆருக்கும் இதில் குழப்பம் இருக்கவில்லை.

2017இல் இது தலைகீழானது. மே 6ஆந் திகதி இத்தாலியின் மொன்சா கார்ப்பந்தயத் திடலில் எலியுட் கிப்சோகே மரதன் தூரத்தை 2 மணி 25 செக்கனில் ஓடினார். காலில் இருந்தது நைக்கின் புதுச் சப்பாத்து. குதி தடித்து உயர்ந்திருந்தது, ஆனால் பாரமில்லை. அடிக்குள் பெபா என்ற புதுவகை நுரை, அதற்குள் வளைந்த காபன் தட்டு. அதன் விற்பனை வடிவத்துக்கு 'வேப்பர்ஃபிளை 4%' என்றே பேர் வைத்தார்கள்.

அந்த 4 சதவீதம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 18 ஓட்டக்காரர்களை அன்றைய சிறந்த போட்டிச் சப்பாத்துகளோடு ஒப்பிட்டு ஓட வைத்தபோது, புதியதில் சராசரியாக 4 சதவீதம் சக்தி மிச்சமானது. பழைய வகை நுரை, மிதியை வாங்கி 66 சதவீதம் அளவுக்குத் திருப்பிக் கொடுத்தால், இந்த நுரை 87 சதவீதம் கொடுத்தது. எல்லாரும் காபன் தட்டைப் பற்றியே கதைத்தார்கள். ஆனால் பின்னர் தட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓட வைத்துப் பார்த்தபோது மிச்சத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. மந்திரத்தின் பெரும்பங்கு நுரையில்தான் இருந்தது.

2019 ஒக்டோபர் 12 வியன்னாவில் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினார். அது சாதனையாகப் பதியப்படாத, அதற்கென்றே ஒழுங்கு செய்த ஓட்டம். அடுத்த நாளே சிக்காகோவில் பிரிஜிட் கொஸ்கேய் 2 மணி 14 நிமிடம் 4 செக்கனில் பெண்கள் மரதன் உலக சாதனையை உடைத்தார். ஓடினது ஆள், சப்பாத்து எவ்வளவு என்ற வாக்குவாதம் முற்றியது. 2020 ஜனவரி 31 அன்று உலக மெய்வல்லுநர் சம்மேளனம் விதி போட்டது: வீதிப் போட்டிக்கு அடி 40 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, ஒரு தட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த வாக்குவாதத்தில் எல்லாரும் மறந்துபோன ஒன்றை நான் தம்பிக்குச் சொன்னேன். அந்த 18 பேரும் 10 கிலோமீற்றரை 32 நிமிடத்துக்குள் ஓடக்கூடியவர்கள். ஆய்வு நடந்தது மணிக்கு 14, 16, 18 கிலோமீற்றர் வேகத்தில். 2023இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இதே குடும்பத்துச் சப்பாத்தை மெதுவான வேகத்தில் பரிசோதித்தது. மணிக்கு 12 கிலோமீற்றரில் சராசரி மிச்சம் 1.4 சதவீதம். 10 கிலோமீற்றரில் 1 சதவீதம்கூட இல்லை. தம்பி தன் ஓட்டங்களில் பெரும்பங்கை ஓடுவது அந்த வேகத்தில்தான்.

மூன்றாவது வகை

சரி, சூப்பர்பிளாஸ்ட் எங்கே வருகிறது? 2020க்குப் பிறகுதான்.

போட்டிச் சப்பாத்து 250 டொலர், கொஞ்சத் தூரத்திலேயே தளர்ந்துவிடும். அந்த நுரையின் துள்ளலை அனுபவித்தவர்களுக்குப் பழைய பயிற்சிச் சப்பாத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. கொம்பனிகள் இடையில் ஒரு வகையைக் கண்டுபிடித்தன. போட்டி நுரை வேண்டும், ஆனால் நீடித்து உழைக்கவும் வேண்டும். 2020இல் சோக்கனி, காபனுக்குப் பதில் நைலோன் தட்டு வைத்து எண்டோர்ஃபின் ஸ்பீட் கொண்டு வந்தது. 2021இல் அடிடாஸ், போட்டி விதியைக் கவலைப்படாமல் 50 மில்லிமீற்றர் தடிப்பில் பிரைம் எக்ஸ் விட்டது. 2022-23 காலத்தில் அசிக்ஸின் சூப்பர்பிளாஸ்ட், தட்டே இல்லாமல், இரண்டு நுரையை அடுக்கி, 40 மில்லிமீற்றரைத் தாண்டிய தடிப்போடு வந்தது. பயிற்சிக்குத்தானே, ஆர் அளக்கப் போகினம்?

வியன்னாவில் அளந்தார்கள். 2021 செப்டெம்பரில் வியன்னா நகர மரதனில் எதியோப்பியாவின் டெராரா ஹுரிசா 2 மணி 9 நிமிடம் 22 செக்கனில் முதலாவதாக வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். படிவத்தில் அவர் ஒரு சப்பாத்தின் பேரைக் கொடுத்திருந்தார், காலில் போட்டு ஓடியது வேறு. பயிற்சிக்கான தடித்த சோடி. விதி 4 சென்ரிமீற்றர், அது 5 சென்ரிமீற்றர். வெற்றி கென்யாவின் லெனார்ட் லங்கட்டுக்குப் போனது. 42 கிலோமீற்றர் ஓடி வென்ற ஒருவனிடமிருந்து அந்த வெற்றியை ஒரு சென்ரிமீற்றர் நுரை பறித்தது.

தம்பி இந்தக் கதையைக் கேட்டுச் சிரிச்சான். "அவை அண்டர்நேஷனல் ஆக்கள் அக்கா" என்றான். "இன்ரர்நேஷனல்" எண்டு திருத்திவிட்டு, அடுத்ததைச் சொன்னன். 40 மில்லிமீற்றர் என்பது வீதி ஓட்டத்துக்கு. மைதான ஓட்டங்களுக்கு 2024 நவம்பரிலிருந்து உலக விதி 20 மில்லிமீற்றர். அவன் ஓடுறது 5000 மீற்றர், மைதானத்தில். 40ஐத் தாண்டுகிற சூப்பர்பிளாஸ்ட் அந்த அளவின் இரட்டிப்புக்கும் மேல். வேகத்துக்கு என்று வாங்கப்போகிற அந்தச் சப்பாத்து, அவன் வேகமாக ஓட வேண்டிய ஒரே ஒரு நாளில் விதிப்படி காலில் இருக்கக்கூடாது.

சிரிப்பு நிண்டுது.

எங்கட கணக்கு

நியாயமாகச் சொல்ல வேண்டும். சூப்பர்பிளாஸ்ட் மோசமான சப்பாத்து இல்லை. வாரக்கடைசியில் 25, 30 கிலோமீற்றர் ஓடி மரதனுக்குத் தயாராகிற ஒருவருக்கு, களைத்த காலைக் காப்பாற்றுகிற நல்ல பொருள். வீட்டில் ஏற்கெனவே ஒரு தினசரிச் சோடி வைத்திருப்பவர் இரண்டாவதாக வாங்கினால் நானே சரியென்பேன். லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களை வைத்து நடந்து, 2015இல் வெளியான ஒரு ஆய்வு, ஒரே சோடியில் ஓடுகிறவர்களை விட மாறி மாறிப் பல சோடி போடுகிறவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவு என்று கண்டது.

ஆனால் அந்த இணையத்தள மதிப்புரைகள் எல்லாம் நான்கைந்து சோடி அடுக்கி வைத்திருக்கிற ஆக்களுக்கு எழுதப்படுறவை. "செவ்வாய்க்கு இது, ஞாயிறுக்கு அது" என்று அவை சொல்லும். எங்கட கேள்வி வேற. ஒரு சோடி, ஒரு வருசம், ஒரு முன்னெலும்பு.

தம்பியோட இருந்து கொப்பியில் எழுதிப் பார்த்தோம். வாரத்தில் ஆறு நாள் ஓடுறான். அதில் நான்கு நாள் மெதுவான ஓட்டம், தார் றோட்டிலும் கிரவல் ஒழுங்கையிலும். ஒரு நாள் மைதானத்தில் வேகப் பயிற்சி. ஒரு நாள் நீண்ட ஓட்டம், அதுவும் 15 கிலோமீற்றருக்கு மேல் இல்லை. வாரத்துக்கு 50 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு நல்ல சப்பாத்து, வழமையாகச் சொல்லப்படுகிற 500 தொடக்கம் 800 கிலோமீற்றர் கணக்கில், பத்துத் தொடக்கம் பதினாறு கிழமை புதுசு மாதிரி இருக்கும். பிறகும் எங்கட ஆக்கள் போடுவினம், அது வேற கதை. ஜனவரியில் தொடங்கினா மாகாணப் போட்டி வரைக்கும் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்க வேணும். கிரவல் கல்லுக்குத் தேயாத இறப்பர் அடி வேணும். ஒழுங்கை மூலையில் திரும்பும்போது கால் பிரளாத உயரம் வேணும். பட்டியலில் கடைசி வரைக்கும் 'துள்ளல்' எண்ட சொல் வரவேயில்லை.

வேகப் பயிற்சி நாளுக்கும் போட்டி நாளுக்கும் அவனிடம் வழி ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டு அறையில் ஒரு பழைய ஸ்பைக்ஸ் சோடி கிடக்குது. போட்டிக்கு முதல் கிழமை சேரிட்டக் கேட்டு வாங்குவான். மெல்லிய அடி, நாலைஞ்சு ஆணி குறைவு, ஆனால் அவன் காலுக்கு அளவு. போவர்மன் காலத்து இரண்டு சோடி முறையேதான்: தினமும் தாங்குறதுக்கு ஒன்று, ஓடி முடிக்கிறதுக்கு ஒன்று. இரண்டாவது இரவலா இருந்தாலும் பரவாயில்லை. முதலாவதுதான் எங்களிட்ட இல்லாதது.

இன்னொன்றையும் இந்தத் தேடலில் விளங்கிக்கொண்டேன். கிப்சோகேயின் சப்பாத்துக்குப் பின்னால் ஆய்வுகூடம், மருத்துவர், மசாஜ் செய்யிறவர், அவருக்கு முன்னால் காற்றை மறிச்சு ஓடுற ஆக்கள் எல்லாம் இருந்தார்கள். அத்தனையும் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் கடைசி 4 சதவீதத்துக்கு அர்த்தம் வருகிறது. நோ வந்தால் ஆறு கிழமை படுத்திருக்கிறதைத் தவிர வேறு வைத்தியம் இல்லாத வீட்டில், முதல் வேலை நோ வராமல் பார்க்கிறதுதான். லிடியார்டின் மாணவர்கள் ரோமில் வென்றதும் வருசம் முழுக்கத் தடைப்படாமல் ஓடின அத்திவாரத்தால்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எந்தச் சப்பாத்தும் எலும்பு நோவை மாற்றாது. தம்பி திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது டொக்டர் சரி சொன்ன பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூட்டிக் கூட்டி. பெகாசஸ் வந்தாலும் அந்த ஒழுங்கு மாறக்கூடாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

நேற்றிரவு சித்தப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினோம். தம்பிதான் கதைச்சான். பேரைச் சொல்லி, நிறம் எதுவெண்டாலும் பரவாயில்லை எண்டும் சொன்னான். அளவு சொல்லும்போது மட்டும் நான் இடையில் புகுந்து, பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் அளந்த நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொன்னேன். பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுப் பார்க்கச் சொன்னோம்.

பத்து நிமிசத்தில் சித்தப்பா பதில் போட்டார். "இது நான் நினைச்சதை விட மலிவாக் கிடக்கு. வேற ஏதும் வேணுமே?"

தம்பி என்னைப் பார்த்தான். கண் முழுக்க ஸ்பைக்ஸ்.

"ஒரு சோடி எண்டுதானே சொன்னவர்" என்றேன். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறான்.